குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்னப் போட்டிகளில் தோற்கிற படங்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். பல படங்களைக் கேமரா கைவிடுவதில்லை. வசனம் காதில் விழவில்லை, இரண்டு நிமிடம் அதிகம், பின்னணியில் ஓடும் பாட்டுக்கு உரிமை இல்லை, இப்படித்தான் கை நழுவுகிறது. இந்த மூன்றுமே ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற சங்கதிகள். அதனால் கீழே உள்ள பல பதில்கள் படத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கி யோசிக்கச் சொல்லும். எங்கே திரையிடப் போகிறோம், எதை அனுப்பச் சொல்வார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கேமராவைத் தொடுவது நல்லது.

படம் எத்தனை நிமிடம் இருக்கலாம்?

விதிமுறையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உச்சவரம்பு. பெரிய இடங்களில்கூட இது ஒரே மாதிரி இல்லை. ஆஸ்கர் விருதுக்கு டைட்டில்கள் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம். கான் விழாவின் குறும்படப் போட்டியில் டைட்டில்கள் உட்பட 15 நிமிடம்தான். சின்னப் போட்டிகள் 3, 5, 10 நிமிடம் என்று வைக்கும். டைட்டில் கணக்கில் சேருமா சேராதா என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடப் போட்டிக்கு 5 நிமிடம் 2 நொடி உள்ள படத்தை அனுப்பினால், யாரும் பார்க்காமலேயே அது ஒதுக்கப்படலாம். 4:50-ல் முடித்துவிடுவது நிம்மதி.

வரம்பு 20 நிமிடம் என்பதற்காக 20 நிமிடம் எடுக்க வேண்டியதில்லை. தேர்வு செய்கிறவர் கையில் இருப்பது 90 நிமிடத் திரையிடல் ஒன்று. 20 நிமிடப் படம் உள்ளே வர வேண்டுமென்றால், அது நான்கு 5 நிமிடப் படங்களை வெளியே தள்ள வேண்டும். அந்த அளவுக்குக் கனமான கதை கையில் இருந்தால் தாராளமாக எடுங்கள்.

திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்துமா?

அந்தக் கணக்கு ஆங்கிலத் திரைக்கதைக்கான குறிப்பிட்ட எழுத்துரு, ஓரம், இடைவெளி ஆகியவற்றை வைத்து வந்தது. தமிழில், அதுவும் ஃபோனில் டைப் செய்த பக்கத்துக்கு, அது சரிவராது. ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வசனத்தை வாய்விட்டுப் பேசி, நடக்கிற இடத்தில் நடந்து, உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வருகிற நேரத்தோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். நடிகர்கள் எடுத்துக்கொள்ளும் இடைவெளி நாம் வாசிக்கும்போது வராது.

ஃபோனில் எடுத்த படத்தை ஏற்றுக்கொள்வார்களா?

விதியில் தடை இல்லையென்றால் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஃபோனின் சொந்தக் கேமரா ஆப்பை அப்படியே நம்ப வேண்டாம். அது வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, தானாகக் கூட்டிக் குறைக்கும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியை அதோடு சேர்த்தால் முதல் வசனம் உதட்டோடு ஒட்டும், நான்காவது நிமிடத்தில் விலகியிருக்கும். ஃபிரேம் ரேட், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் ஐந்தையும் பூட்டி வைக்க அனுமதிக்கும் ஆப்பில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், எடிட்டிங்குக்குள் கொண்டுபோகும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒயிட் பேலன்ஸைப் பூட்டாமல் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் முகத்தின் நிறம் மாறும். கலரிங்கில் அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

எந்த ஃபிரேம் ரேட்டில் எடுப்பது?

தியேட்டரில் திரையிடும் எண்ணம் இருந்தால் 24. திரையரங்க புரொஜெக்டருக்குப் போகும் டிசிபி கோப்புக்கு எல்லா இடத்திலும் தொந்தரவில்லாமல் ஓடுகிற வேகம் அதுதான். பல கேமராக்களில் 24 என்று காட்டினாலும் உள்ளே 23.976 ஆக இருக்கும். அதுவும் பரவாயில்லை, ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம், 10 நிமிடத்துக்கு 0.6 நொடி. டிசிபி செய்யும்போது ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தினால் போதும். ஆனால் ஒரு கேமராவை 24-லும் இன்னொன்றை 30-லும் வைத்து எடுக்கக் கூடாது. நகரும் பொருள்கள் திக்கித் திக்கி நகர்வதுபோலத் தெரியும், பிறகு அதற்கு மருந்து கிடையாது.

ஷட்டரைப் பொறுத்தவரை, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் பல்புகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். அங்கே 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடாது. 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120. மலிவான எல்இடி விளக்குகள், அதிலும் மங்கலாக்கி எரியவிடுபவை, இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. லொகேஷன் பார்க்கப் போகும்போதே விளக்கைப் போட்டு அரை நிமிடம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வெளிப்புறத்தில் எடுத்தால் படம் வெளுத்துப் போகிறதே?

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16-ல் வைத்தால், ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது பழைய புகைப்பட விதி. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. நாம் சினிமாவுக்காக 1/50 வைக்கிறோம், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. எனவே துளையை இன்னும் சுருக்கி எஃப் 22. பின்னணி மங்கலாக இருக்க எஃப் 2.8 வேண்டுமென்றால் 22-லிருந்து 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு ஸ்டாப் இறங்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கும். அந்த ஆறு ஸ்டாப்பையும் விழுங்கத் தேவை, வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டர். கடைகளில் என்டி 64 என்றோ 1.8 என்றோ எழுதியிருக்கும். ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரை 1/3200-க்கு ஏற்றுவார்கள். நடக்கிற மனிதரின் கையும் காலும் வெட்டி வெட்டித் தெரியும்.

லைவ் சவுண்டா, டப்பிங்கா?

செலவில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் லென்ஸைக் குறையுங்கள், ஒலியைக் குறைக்காதீர்கள். சற்றே மங்கலான ஷாட்டைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாத ஷாட்டைப் பொறுக்க மாட்டார்.

புதிய நடிகர்களை வைத்து எடுப்பவர்களுக்கு லைவ் சவுண்டுதான் எங்கள் யோசனை. டப்பிங்கில் உதட்டை ஒட்டிப் பேசுவதே பழக்கமில்லாதவருக்குப் போராட்டம். அந்தப் போராட்டத்தில் லொகேஷனில் வந்த அழுகையும் தயக்கமும் காணாமல் போய்விடும். இன்னொன்று, டப்பிங் படத்தில் குரலைத் தவிர எல்லாமே அமைதி. காலடி, துணி உரசல், டம்ளர் வைக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். அதைச் செய்யாத குறும்படங்கள்தான் வானொலி நாடகம் மாதிரிக் கேட்கின்றன.

லைவ் என்று முடிவு செய்தால் லொகேஷனைக் காதால் பாருங்கள். எந்த மணிக்கு எடுக்கப் போகிறீர்களோ அதே மணிக்குப் போய், கண்ணை மூடி இரண்டு நிமிடம் நில்லுங்கள். பக்கத்துக் கட்டட வேலை, பள்ளிக்கூட மணி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அப்போது தெரிந்துவிடும். அறைக்குள் மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்துகிறவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பல ஒலிப்பதிவாளர்களின் வழக்கம். சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, எனவே ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது.

சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் வையுங்கள். துணி உரசாமல் இருக்க, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்த மருத்துவ டேப் இரண்டை எடுத்து, மைக்கை நடுவில் வைத்து, ஒருபுறம் தோலிலும் மறுபுறம் துணியிலும் ஒட்டலாம். சரசரக்கும் செயற்கைத் துணிக்கு எந்த டேப்பும் உதவாது, ஆகவே உடை தேர்வு செய்யும்போதே ஒலிப்பதிவாளரைக் கேளுங்கள். நீண்ட கம்பில் பிடிக்கும் பூம் மைக் என்றால் ஃபிரேமுக்குச் சற்று மேலேயிருந்து வாயை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். வெறும் சுவரும் தரையும் உள்ள அறையில் எதிரொலி வரும். கேமரா பார்க்காத பக்கமெல்லாம் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள்.

ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அமைப்பில் பதியுங்கள். ரெக்கார்டர் காட்டும் அளவில் உரத்த சொல்கூட மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியைப் பழையபடி ஆக்க முடியாது. கேமராவிலும் ஒரு ஒலி ஓடட்டும், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த அது வேண்டும். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களில் போட்டு நிரப்ப அதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. லாரி சத்தத்தில் கெட்டுப்போன வசனம் ஏதாவது இருந்தால், ஷாட் முடிந்த கையோடு, கேமரா இல்லாமல், மைக்கை அருகில் வைத்து அதே நடிகரை மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள். உணர்ச்சி ஆறுவதற்குள் செய்துவிட வேண்டும்.

ஒரு நாளில் எத்தனை ஷாட் எடுக்கலாம்?

சாப்பாட்டு நேரம் போக 9 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்வோம், 540 நிமிடம். கேமராவை நகர்த்தி, லைட்டை மாற்றி, ஒத்திகை பார்த்து, நான்கு டேக் எடுக்க ஒரு செட்டப்புக்கு அரை மணி நேரம் ஆகும். ஆக 18. முதல் படம் எடுப்பவர்கள் 40 எழுதிக்கொண்டு வருவார்கள், மாலை ஐந்து மணிக்குக் கிளைமாக்ஸை ஒரே வைடு ஷாட்டில் முடிப்பார்கள்.

முக்கியமான காட்சியை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் சூடு பிடிக்கட்டும், அடுத்து அதையே எடுங்கள். ஒரு பக்கம் பார்க்கும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்த பிறகே கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நேரம் போதாவிட்டால் எந்த ஷாட்டை விடலாம் என்பதை முதல் நாள் இரவே பட்டியலில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். பதற்றத்தில் விடும் ஷாட்தான் பெரும்பாலும் எடிட்டர் தேடும் ஷாட்.

கார்டில் உள்ளதை எப்படிப் பாதுகாப்பது?

நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். வட்டுகளை இந்தக் கணக்கில் வாங்குங்கள். இரண்டு தனித்தனி வட்டில் நகல் இருந்தால் மட்டுமே கார்டை அழிக்கலாம். நகல் எடுத்ததும் ஃபோல்டர் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், கடைசிக் கோப்பைத் திறந்து இறுதிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுபோன நகல் அங்கேதான் பல்லிளிக்கும்.

படம் லேக் அடிக்கிறது என்கிறார்கள். எங்கே வெட்டுவது?

காட்சிகளின் தலையையும் வாலையும். கதவைத் திறந்து வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, பிறகு பேச ஆரம்பிக்கிறாரா? பேச்சிலிருந்து தொடங்கிப் பாருங்கள். படத்தைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, எப்படி இருந்தது என்று கேட்காமல், கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறுகிற இடமும் தாவுகிற இடமும் உங்கள் எடிட்டிங் பட்டியல்.

எடிட் பூட்டப்பட்ட பிறகே, அதாவது இனி எதையும் வெட்டுவதில்லை என்று முடிவான பிறகே, இசை, மிக்சிங், கலரிங். பூட்டிய பின் பத்து ஃபிரேம் வெட்டினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை ஒலியும் நகரும், மூன்று பேரின் வேலை வீணாகும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசையைப் போடலாமா?

இலவசமாகக் கேட்கலாம் என்பது வேறு, படத்தில் சேர்க்கலாம் என்பது வேறு. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் ஒருவருடையது, அந்த ஒலிப்பதிவு இன்னொருவருடையது. படத்தில் சேர்க்க இரண்டுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். காட்சியில் பின்னால் டிவியில் ஓடும் பாட்டுக்கும் இதேதான். எடுக்கும்போது டிவியை ஊமையாக்கிவிடுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும் வகை உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை நமக்கு ஏற்றது. மாற்றம் செய்யக் கூடாது என்ற வகையைத் தொடவே கூடாது, ஏனெனில் அசையும் படத்தோடு இசையைச் சேர்ப்பதே அந்த உரிமத்தின் பார்வையில் மாற்றம்தான். அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற வகையைப் போட்டால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டி வரும். வணிகம் கூடாது என்ற வகை, பரிசுப் பணமும் டிக்கெட்டும் உள்ள இடத்தில் சிக்கல் தரும்.

நண்பர் இசையமைத்துத் தந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விழா, இணையம், தொலைக்காட்சி மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அந்தக் கையெழுத்தைக் கேட்பது எளிது.

சப்டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறதே?

கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டம் என்று வந்தால், மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத முறையில் ஓடுகிறது என்று பொருள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் அமைப்புகளுக்குள் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். அப்படி வசதி இல்லாத மென்பொருளில், டைட்டிலை வேறு இடத்தில் செய்து பின்னணி இல்லாத படமாகக் கொண்டுவருவதே வழி. பழைய பாமினி வகை எழுத்துருவில் டைப் செய்யாதீர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப் 8 முறையில் சேமியுங்கள்.

வெளிநாட்டு விழாக்களுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 42 எழுத்துக்குள், திரையில் ஒரு நொடிக்குக் குறையாமல், ஏழு நொடிக்கு மிகாமல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிக்க நேரம் போதாது. முகத்தைப் பார்க்கவும் நேரம் விடுங்கள்.

48 மணி நேரப் போட்டியில் கலந்துகொள்ளலாமா?

கண்டிப்பாக. படம் முடிக்கிற பழக்கத்தை அதைப்போல வேறெதுவும் கற்றுத் தராது. இந்த வகையில் நன்கு அறியப்பட்ட 48 ஹவர் ஃபிலிம் புராஜெக்ட் 2001-ல் வாஷிங்டனில் தொடங்கியது. வெள்ளி மாலை குலுக்கலில் படத்தின் வகை வரும். கூடவே எல்லா அணிக்கும் பொதுவாக ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் தரப்படும். ஞாயிறு மாலைக்குள் 4 முதல் 7 நிமிடப் படம் கொடுக்க வேண்டும்.

அணிகள் கவிழ்வது முதல் இரவில்தான். விடியற்காலை நாலு மணி வரை எழுதினால் சனிக்கிழமை யாரும் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள். நள்ளிரவுக்குள் எழுதி முடியுங்கள், இரண்டு நடிகர், ஒரு லொகேஷன். சனி காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஷூட்டிங். மதியமே முதல் கார்டு எடிட்டர் கைக்குப் போகட்டும். ஞாயிறு நண்பகலில் எடிட் பூட்டு. பிற்பகல் மூன்று மணிக்கு, மிக்சிங் அரைகுறையாக இருந்தாலும், ஒரு முழுக் கோப்பை எக்ஸ்போர்ட் செய்து தனியாக வையுங்கள். கடைசி நேர எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால் அதுதான் உங்கள் படம். ஒப்புதல் கடிதங்களில் வெள்ளிக்கிழமையே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போலிப் போட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதாமாதம் விருது, திரையிடும் அரங்கின் பெயரே இல்லை, நடுவர்கள் யார் என்று தெரியாது, நூறு பிரிவுகள், ஜெயித்தவர் கோப்பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இவற்றில் இரண்டு பொருந்தினாலே விலகிவிடுங்கள். போன வருடத் திரையிடல் பட்டியலை எடுத்து, அதில் உள்ள இரண்டு படங்களின் இயக்குநர்களுக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்: படம் உண்மையாகவே திரையில் ஓடியதா, ஆட்கள் வந்தார்களா? போஸ்டரில் விழாக்கள் தரும் இலைச் சின்னங்கள் பத்து இருப்பதைவிட, நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்த ஒரு திரையிடல் உங்களுக்கு அதிகம் கற்றுத் தரும்.

கட்டணம் வாங்குவதாலேயே போட்டி போலி ஆகிவிடாது. முன்கூட்டியே அனுப்பினால் குறைவு, கடைசித் தேதி நெருங்க நெருங்கக் கூடும். மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று தயங்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

முதலில் யூடியூபில் போட்டுவிட்டுப் பிறகு அனுப்பலாமா?

சில விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். பொதுவில் ஒரு நாள் இருந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். கடவுச்சொல் போட்ட இணைப்பாக வையுங்கள். விமியோ என்ற வீடியோ தளத்தில் இணைப்பு மாறாமல் கோப்பை மட்டும் மாற்றலாம், யூடியூபில் அது முடியாது. நடுவர்கள் எப்போது பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது, ஆகவே முடிவு வரும்வரை கடவுச்சொல்லை மாற்றாதீர்கள்.

படத்தோடு வேறென்ன அனுப்ப வேண்டும்?

ஒரு வரிக் கதை, ஐம்பது சொல் கதை, இயக்குநர் குறிப்பு, போஸ்டர், படத்தின் புகைப்படங்கள் நான்கைந்து. புகைப்படத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீடியோவிலிருந்து எடுத்த ஃபிரேம் அசைவில் மங்கியிருக்கும், அச்சுக்கு ஆகாது. ஷூட்டிங்கில் ஒருவர் கையில் ஸ்டில் கேமரா இருக்கட்டும், டேக் முடிந்ததும் நடிகர்களைப் பத்து நொடி அப்படியே நிற்கச் சொல்லி எடுங்கள்.

டிசிபி கேட்கிறார்கள். அது என்ன?

திரையரங்கின் டிஜிட்டல் பிரதி. ஒவ்வொரு ஃபிரேமும் ஜெபெக் 2000 படமாக, சினிமாவுக்கான தனி வண்ண முறையில் இருக்கும். டிசிபி ஓ மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். திரை வடிவம் 2கே ஃபிளாட் என்றால் 1998×1080 பிக்சல், அதைவிட அகலமான ஸ்கோப் என்றால் 2048×858. 1920×1080-ல் எடுத்த படத்தை ஃபிளாட்டுக்குள் வைத்தால் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், அது தவறல்ல. திரையிடலுக்கு முன் அரங்கில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, சப்டைட்டில் திரைக்குள் நிற்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

தேர்வாகவில்லை. படத்தை மாற்றி எடிட் செய்யட்டுமா?

காரணம் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆண்டு அதே கருவில் மூன்று படம் வந்திருக்கலாம், நிகழ்ச்சியில் 6 நிமிட இடம்தான் மிஞ்சியிருக்கலாம். ஒவ்வொரு மறுப்புக்கும் படத்தை வெட்டாதீர்கள். ஆறேழு இடங்கள் பதில் சொல்லட்டும். பார்த்தவர்கள் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கை வையுங்கள். அதுவரை அனுப்பிய தேதி, கட்டணம், முடிவு வரும் நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பல போட்டிகள் படம் முடிந்த தேதியிலிருந்து ஒன்றோ இரண்டோ ஆண்டுகள் வரைதான் ஏற்கும். டிசம்பரில் மிக்சிங் முடியும் நிலையில் இருந்தால், அதை ஜனவரிக்குத் தள்ளி முடித்து, டைட்டிலில் புதிய ஆண்டைப் போடுங்கள். ஆண்டைக் கணக்கிட்டு ஏற்கும் இடங்களில் ஏறக்குறைய ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும்.